ஆற்றங்கரையில் கைவிடப்பட்ட எண்ணெய்க் கிணறு கசிகிறது. வேலி போட்டதோடு அரசின் வேலை முடிந்ததா?

குழித்துறை அக்கா எழுதியது:

என் தங்கை திருவாரூர் மாவட்டத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கிறாள். நம் குமரி மாவட்டத்திலிருந்து இப்படி வேலைக்குப் போய், அங்கேயே மணமுடித்துத் தங்கிவிட்ட பெண்கள் பலர் உண்டு. அவள் கணவர் வீட்டு நிலம் காவிரியின் கிளையாறு ஒன்றின் கரையை ஒட்டி இருக்கிறது. ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள், அதனால் விடுகிறேன்.

அவள் மாமனார் காலத்தில் அந்த நிலத்தின் ஒரு மூலையை எண்ணெய் நிறுவனம் ஒன்று குத்தகைக்கு எடுத்துத் துளையிட்டது. சில காலம் எண்ணெய் எடுத்தார்கள். பிறகு இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சமிருப்பது ஒரு சிமெண்ட் மேடை, அதன் நடுவே துருப்பிடித்த குழாய்த் தலை, சுற்றிலும் சாய்ந்து கிடந்த முள்கம்பி. குத்தகைப் பணம் எப்போதோ நின்றுவிட்டது. நிலத்தை முறைப்படி எழுதித் திருப்பிக் கொடுத்தார்களா என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

சென்ற வடகிழக்குப் பருவமழையில் மேடையைச் சுற்றித் தேங்கிய நீரில் குமிழிகள் வரத் தொடங்கின. மண்ணெண்ணெய் போன்ற வாடை. மழை ஓய்ந்த பிறகும் குமிழி நிற்கவில்லை. பளபளவென்று வண்ணம் காட்டும் ஒரு படலம் வாய்க்கால் வழியாக மதகைத் தாண்டி ஆற்றில் கலக்கிறது. மேடையை ஒட்டிய இரண்டு மா (ஒரு மா ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஏக்கர்) நிலத்தில் நாற்று வேர் பிடிக்காமல் கருகிப்போயிற்று. கைப்பம்பு தண்ணீர் உப்புக் கரிக்கிறது.

கிராம நிர்வாக அலுவலர் வந்து புகைப்படம் எடுத்துப் போனார். தாசில்தார் அலுவலகத்திலிருந்து நிறுவனத்துக்குக் கடிதம் போயிற்று. நிறுவனத்தின் ஆட்கள் ஜீப்பில் வந்து பழைய முள்கம்பியை எடுத்துவிட்டுப் புதிய வேலி போட்டு, ‘அபாயம், நெருங்காதே’ என்று பலகை வைத்துவிட்டுப் போனார்கள். ஓர் அதிகாரி பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். முடிவு இன்னும் வரவில்லை. மறுபடி கேட்டால், வருவாய்த் துறை நிறுவனத்தைக் கைகாட்டுகிறது. நிறுவனமோ, அது மூடப்பட்ட கிணறு, அதிலிருந்து எதுவும் வர வாய்ப்பில்லை என்கிறது. அந்த ஆற்றில்தான் ஊர்ப் பிள்ளைகள் குளிக்கிறார்கள், மாடுகள் தண்ணீர் குடிக்கின்றன. பலகை வைத்துவிட்டால் ஆறு சுத்தமாகிவிடுமா? எனக்கு ஆறவே இல்லை.

இந்தக் குழுவில் வளைகுடா எண்ணெய் வயல்களில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் நிறையப் பேர் இருப்பதால் இங்கே கேட்கிறேன். மூடப்பட்ட கிணறு கசியுமா? கசிந்தால் யார் பொறுப்பு? அடுத்து எந்தக் கதவைத் தட்ட வேண்டும்?

---

கருங்கல் சிமெண்டிங் எழுதியது:

தங்கச்சி, மற்றதெல்லாம் பிறகு. அந்த மேடையின் அருகே யாரும் தீக்குச்சி உரசக் கூடாது, பீடி பற்ற வைக்கக் கூடாது என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருக்கும்போது ஒரு பொறி போதும். இன்னொன்று, அழுகிய முட்டை வாடை வந்து, பிறகு சட்டென்று வாடை நின்றுபோனால் சரியாகிவிட்டது என்று எண்ணக் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போகும். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தங்கும். வேலிக்கு வெளியே இருந்தாலும் வாய்க்கால் பள்ளத்தில் ஆட்டையோ பிள்ளையையோ இறங்க விடாதீர்கள்.

நான் ஓமனிலும், பிறகு நைஜீரியாவில் போர்ட் ஹார்கோர்ட் பக்கத்திலும் சிமெண்டிங் குழுவில் இருந்தவன். கிணறு தோண்டும்போதும் எங்களைக் கூப்பிடுவார்கள், மூடும்போதும் கூப்பிடுவார்கள்.

மூடிய கிணறு கசியுமா என்றால், கசியும். எண்ணெய்க் கிணறு என்பது ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு ஒன்றுக்குள் ஒன்றாக இறக்கிய எஃகுக் குழாய்கள். கேசிங் என்போம். குழாய்க்கும் பாறைக்கும் நடுவே உள்ள சந்தில் சிமெண்ட் குழம்பை அழுத்தத்தில் ஏற்றி நிரப்புவோம். கீழே இருக்கும் எண்ணெயையும் வாயுவையும் உப்பு நீரையும் மேலே நாம் குடிக்கிற நீரோடு சேரவிடாமல் தடுப்பது அந்தச் சிமெண்ட்தான். துளையிடும்போது கிணற்றுக்குள் செலுத்தும் சேற்றுக் குழம்பு பாறையில் ஒட்டிக்கொண்டு முழுதாக வெளியேறாமல் இருந்தால், சிமெண்ட் அதன் மேல் பிடிக்காது. அந்த இடுக்கில் பல ஆண்டுகள் கழித்து வாயு ஏறும். இறுகும்போது சிமெண்ட் சற்றுச் சுருங்கும், அதுவும் வழி விடும். உப்பு நீர் வருடக்கணக்கில் எஃகை அரிக்கும். இவற்றில் ஒன்று நடந்தாலும் போதும்.

உங்கள் பதிவில் என்னை உலுக்கியது ஒரே ஒரு விவரம். குழாய்த் தலை இன்னும் மேடையில் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நிரந்தரமாக மூடும் வேலையை முழுதாகச் செய்திருந்தால் அது அங்கே இருக்கவே கூடாது. எண்ணெய் வந்த அடுக்குக்குக் குறுக்கே ஒரு சிமெண்ட் அடைப்பு, அதற்கு மேலே இன்னொன்று, நிலத்தடி நீர் அடுக்கைக் காக்க ஒன்று, தரைக்கு அருகே ஒன்று என்று போட்டு, ஒவ்வொன்றையும் அழுத்தம் கொடுத்துச் சோதித்துப் பதிவு செய்வோம். கடைசியில் கேசிங் குழாயைத் தரைமட்டத்துக்குக் கீழே, ஏர் போகாத ஆழத்தில் அறுத்து, மேலே இரும்புத் தகடு வைத்துப் பற்றவைத்து, மேடையை உடைத்து அகற்றி, மண் போட்டு நிலத்தைக் கொடுப்போம். அதற்குப் பிறகு அங்கே நெல் நடலாம். உங்கள் தங்கை வீட்டு நிலத்தில் இந்தக் கடைசி வேலை நடக்கவில்லை. மேலே நடக்காத வேலை கீழே மட்டும் ஒழுங்காக நடந்திருக்கும் என்று நான் நம்ப மாட்டேன். பெரும்பாலும் அது தற்காலிகமாக நிறுத்தி வைத்த கிணறு. பிறகு வந்து எடுக்கலாம் என்று கணக்கில் வைத்திருப்பார்கள். ரிக், அதாவது துளையிடும் இயந்திரக் கோபுரம், கொண்டுவந்து நிறுத்தினால் நாளொன்றுக்குப் பெரும் செலவு. வருமானம் தராத கிணற்றுக்கு அந்தச் செலவைச் செய்ய எந்த அதிகாரியும் தானாகக் கையெழுத்துப் போட மாட்டார். வருடங்கள் ஓடிவிடும். இந்த வழக்கத்தை நான் பார்த்த எல்லா நாட்டிலும் பார்த்தேன். இதை மன்னிக்கவே முடியாது.

நைஜீரியாவில் நெம்பே என்ற பகுதியில் சாண்டா பார்பரா ஆறு ஓடுகிறது. 2021 நவம்பர் தொடக்கத்தில் அங்கே உற்பத்தி இல்லாமல் கிடந்த ஒரு கிணற்றின் தலை பிய்த்துக்கொண்டு எண்ணெயும் வாயுவும் ஆற்றில் கொட்டியது. டிசம்பர் 8ஆம் தேதிதான் அடைத்தார்கள். ஒரு மாதத்துக்கும் மேல் ஓர் ஆறு அப்படிக் கிடந்தது. அதற்குப் பக்கத்து ஒகோனி நிலத்தில் 1993இலேயே எண்ணெய் எடுப்பது நின்றுவிட்டது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் அங்கே ஆய்வு செய்து 2011இல் வெளியிட்ட அறிக்கையில், ஓர் ஊரின் குடிநீர்க் கிணறுகளில் பென்சீன் என்ற நச்சுப் பொருள் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பைப்போல் 900 மடங்குக்கு மேல் இருந்தது. எடுப்பதை நிறுத்தினாலே போதும் என்று நினைப்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. வயலில் இயற்கையாகவே சேற்று வாயு வரும். அதிகாரிகள் அதைத்தான் முதலில் சொல்வார்கள். சேற்று வாயு காலை வைத்து மிதித்தால் வரும், இடம் மாறி மாறி வரும். ஒரே இடத்தில், கோடையிலும் விடாமல் வந்தால் அது வேறு. நீரின் மேல் இருக்கும் படலத்தை, பள்ளத்தில் இறங்காமல் மதகின் மேல் நின்று, நீளமான கழியால் கலைத்துப் பாருங்கள். கண்ணாடிச் சில்லு போல உடைந்து தனித்தனியாக நின்றால் அது இரும்புச் சத்தில் வளரும் பாக்டீரியா. உடனே ஒன்றுகூடிக்கொண்டால் எண்ணெய். இதைக் கைப்பேசியில் தேதியோடு படமெடுத்து வைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் மாதிரியைப் பிளாஸ்டிக் பாட்டிலில் எடுத்தால் பயனில்லை. கண்ணாடிப் பாட்டிலில், காற்றுக் குமிழி இல்லாமல் வாய்வரை நிரப்பி, இறுக மூடி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே ஆய்வகம் சேர்க்க வேண்டும். அந்த அதிகாரி எதில் பிடித்தார் என்று தங்கையிடம் கேளுங்கள்.

---

குழித்துறை அக்கா எழுதியது:

அண்ணா, படித்ததும் தங்கையைக் கூப்பிட்டேன். கழியால் கலைத்த படலம் மறுபடி ஒன்றுகூடிவிட்டது. மச்சான் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். அதிகாரி தண்ணீர் பிடித்தது குடிநீர் விற்கிற பழைய பிளாஸ்டிக் பாட்டிலில். குமிழி ஒரே இடத்தில், மேடையின் ஆற்றுப் பக்க விளிம்பில்தான் வருகிறதாம். பிள்ளைகளை வேறு துறைக்கு அனுப்பிவிட்டார்கள். ஊரில் வேறு இரண்டு மேடைகள் இருக்கின்றன, அவற்றிலும் குழாய்த் தலை அப்படியே நிற்கிறது என்றாள்.

---

கோட்டாறு வழக்கறிஞர் எழுதியது:

அக்கா, கருங்கல் அண்ணன் சொன்ன அந்தக் குழாய்த் தலையை விட்டுவிடாதீர்கள். அது ஒன்றை வைத்தே கிணற்றின் கோப்பைக் கேட்கலாம்.

பொதுத்துறை நிறுவனம் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நேரடியாகக் கேளுங்கள்: எந்த ஆண்டு துளையிட்டது, எவ்வளவு ஆழம், நிறுத்தியது எப்போது, நிரந்தரமாக மூடியதா தற்காலிகமா, அடைப்புகள் எந்த ஆழத்தில் போடப்பட்டன, அழுத்தச் சோதனைப் பதிவு எங்கே, நிலத்தைத் திருப்பிக் கொடுத்த ஆவணம் எங்கே. கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள். உயிருக்கு ஆபத்து தொடர்பான தகவல் என்று காரணம் எழுதினால் 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்று 7(1) பிரிவு சொல்கிறது. தீப்பிடிக்கும் வாயு வீட்டருகே வருகிறது, எழுதுவதற்கு அதைவிடக் காரணம் வேண்டியதில்லை. தனியார் நிறுவனம் என்றால் இதே கேள்விகளை மத்திய ஹைட்ரோகார்பன் தலைமை இயக்ககத்திடம் கேளுங்கள். ஊரின் மூன்று மேடைகளையும் சேர்த்தே கேளுங்கள்.

எண்ணெய்க் கிணறுகள் சட்டப்படி சுரங்கங்கள். 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டமும் அதன்கீழ் வந்த 2017ஆம் ஆண்டு எண்ணெய்ச் சுரங்க ஒழுங்குமுறைகளும் அவற்றை ஆண்டுவந்தன; 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்குத் தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்தது. பாதுகாப்பைக் கண்காணிப்பது தன்பாத்தில் தலைமையகம் கொண்ட சுரங்கப் பாதுகாப்பு தலைமை இயக்ககம். தாலுகா அலுவலகத்தில் யாருக்கும் இந்தப் பெயரே நினைவுக்கு வராது. மனுவின் ஒரு நகல் கட்டாயம் அங்கே போக வேண்டும்.

ஆற்றுக்குப் பொறுப்பு மாநில அரசு. 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு ஆற்றில் நச்சுப் பொருள் சேர்வதைத் தடுக்கிறது. 33ஏ பிரிவில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நிறுவனத்துக்கு எழுத்துமூலம் உத்தரவே போடலாம். வருவாய்த் துறை நிறுவனத்தைக் கைகாட்டித் தப்பிக்கவும் முடியாது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவில் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 133ஆம் பிரிவு) பொதுத் தொல்லையை அகற்றச் சொல்லிக் கோட்டாட்சியரே நிபந்தனை உத்தரவு பிறப்பிக்கலாம். 1980இல் ரத்லாம் நகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை வைத்துத்தான், பணமில்லை என்று சொல்லிக் கடமையிலிருந்து நகராட்சி நழுவ முடியாது என்று தீர்ப்பளித்தது. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுக்கும் மனுவில் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டே கேளுங்கள்.

காலக்கெடு ஒன்று உண்டு, அதற்காகவே இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் 14ஆம் பிரிவின்படி வழக்குப் போட, பிரச்சினை முதலில் தோன்றியதிலிருந்து ஆறு மாதம்; தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். இழப்பீடும் நிலத்தைச் சீரமைப்பதும் கேட்கும் 15ஆம் பிரிவுக்கு ஐந்து ஆண்டு. சென்ற பருவமழையில் தொடங்கியது என்கிறீர்கள், ஆகவே 14ஆம் பிரிவுக்கு நாள் குறைவு. தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. வழக்கறிஞர் இல்லாமலும் வாதாடலாம், ஆனாலும் நான் எழுதித் தருகிறேன். எனக்கு ஒன்றும் தர வேண்டாம்.

2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இருக்கிறதே என்று யாராவது உங்களிடம் சொல்லலாம். நல்ல சட்டம்தான், புதிய கிணறுகளைத் தடுக்கிறது. ஆனால் அதற்கு முன்பு நடந்தவற்றைத் தொடவில்லை. பழைய கிணறுகளை யார், எப்போது, எவர் பணத்தில் மூடுவது என்று அதில் எதுவும் இல்லை. டெல்டாவில் ஹைட்ரோகார்பன் திட்டங்களின் விளைவை ஆராய 2021இல் மாநில அரசு பேராசிரியர் சுல்தான் அகமது இஸ்மாயில் தலைமையில் குழு அமைத்தது. 2022இல் அறிக்கை அரசின் கைக்குப் போய்விட்டது. அதை வெளியிடச் சொல்லி விவசாயிகள் கேட்டு வந்தார்கள். உங்கள் மனுவிலும் அதன் நகலைக் கேளுங்கள்.

பணம் இல்லை என்ற பதிலை எந்த அலுவலகத்திலும் ஏற்காதீர்கள். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 33ஏபிஏ பிரிவிலேயே, கிணற்று இடத்தைச் சீரமைப்பதற்கென்றே பாரத ஸ்டேட் வங்கியில் நிதி போட்டு, அதற்கு வரிச்சலுகையும் பெறும் ஏற்பாடு 1999இல் வந்துவிட்டது. முன்கூட்டிப் போதிய பணம் வாங்கி வைக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவைப் பாருங்கள். பென்சில்வேனியாவில் பழைய வகைக் கிணறு ஒன்றுக்கு நிறுவனம் கட்டிய பிணைத் தொகை 2,500 டாலர். ஒரு கிணற்றை மூடி நிலத்தையும் சீரமைக்க நடுத்தரச் செலவு 76,000 டாலர் என்று 2021இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. நிறுவனங்கள் திவாலாகிப் போய்விட்டன. கைவிட்ட கிணறுகளை அடைக்க அதே ஆண்டு அமெரிக்க மத்திய அரசு மக்கள் வரிப்பணத்திலிருந்து 470 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது.

---

தூத்தூர் கடலோடி எழுதியது:

அக்கா, உங்கள் குழித்துறை ஆறு எங்கள் தேங்காய்ப்பட்டணத்தில்தான் கடலில் கலக்கிறது, அதனால் உரிமையோடு எழுதுகிறேன். இது டெல்டாக்காரர்களின் கதை என்று நம் மாவட்டத்தில் யாரும் கடந்துபோக வேண்டாம். கன்னியாகுமரிக்குத் தெற்கே ஆழ்கடலில் எண்ணெய் தேடுவதற்கு மூன்று தொகுதிகள் கொடுத்திருக்கிறார்கள், சேர்த்தால் 27,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். நாங்கள் தங்கி மீன் பிடிக்கிற கடல் அது.

தங்கச்சி வீட்டு நிலத்தில் குமிழி வந்ததை வீட்டுக்காரர்கள் கண்ணால் பார்த்தார்கள். ஆயிரம் ஆள் ஆழத்துக் கீழே விட்டுப்போன கிணற்றில் குமிழி வந்தால் யார் பார்ப்பது? எந்தக் கிராம நிர்வாக அலுவலர் வந்து படமெடுப்பார்? 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் ஒரு சரக்குக் கப்பல் மூழ்கியது. அதிலிருந்த பிளாஸ்டிக் மணிகள் நம் கரை முழுக்க ஒதுங்கின. எங்கள் பிள்ளைகள் மணலைச் சல்லடையில் சலித்து அள்ளினார்கள். கேரள அரசு 9,531 கோடி ரூபாய் கேட்டு நீதிமன்றம் போயிற்று. கப்பலுக்காவது பெயரும் உரிமையாளரும் காப்பீடும் இருந்தன. முப்பது வருடம் கழித்துக் கசிகிற கிணற்றுக்கு யாரைப் பிடிப்பது? வழக்கறிஞர் தங்கையே, மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் இதைக் கேட்கலாமா?

---

கோட்டாறு வழக்கறிஞர் எழுதியது:

அண்ணா, அந்த வாய்ப்பைத்தான் பறித்துவிட்டார்கள். 2020 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் தேடல் கிணறுகளைச் சுற்றுச்சூழல் அனுமதிக்கான பி2 என்ற பிரிவுக்கு மாற்றியது. அந்தப் பிரிவுக்குக் கருத்துக்கேட்பு கிடையாது. ஆனால் வழி அடைபடவில்லை. ராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களில் 20 சோதனைக் கிணறுகளுக்கு 2025இல் அனுமதி வெளியானபோது எதிர்ப்பு கிளம்பியது. அந்த அனுமதியைத் திரும்பப் பெறச் சொன்னது மாநில அரசுதான். கிராம சபைத் தீர்மானங்களை இப்போதே நிறைவேற்றுங்கள். கிணறு மூடும் திட்டம், அதற்கான முழுத் தொகை வைப்பு, மூடிய பிறகு எத்தனை ஆண்டு யார் கண்காணிப்பது, இவை மூன்றும் எழுத்தில் வரும் வரை துளையிடக் கூடாது என்று தீர்மானத்தில் இருக்கட்டும்.

---

கருங்கல் சிமெண்டிங் எழுதியது:

வழக்கறிஞர் தங்கைக்கு நன்றி. மனுவில் தொழில்நுட்பப் பகுதியை நான் எழுதித் தருகிறேன். வாயு அளவை அதற்குரிய கருவியால் வீட்டார் முன்னிலையில் அளக்க வேண்டும். வாயு மாதிரியை ஐசோடோப் ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். சேற்றில் பிறந்த மீத்தேனா, ஆழத்திலிருந்து வந்ததா என்று அது காட்டிக்கொடுத்துவிடும், பிறகு வாய்ப்பில்லை என்ற பேச்சுக்கே இடமிருக்காது. முடிவு வரும் வரை கைப்பம்பை மூடி, லாரியில் குடிநீர் கொடுக்க வேண்டும். வாய்க்காலில் மதகுக்கு முன்னால் எண்ணெய் தடுக்கும் மிதவை போட வேண்டும், அது ஒரு நாள் வேலை. ரிக் கொண்டுவந்து மறுபடி அடைக்கும்போது, ஒவ்வோர் அடைப்பின் அழுத்தச் சோதனைப் பதிவின் நகலையும் நில உரிமையாளருக்குத் தர வேண்டும்.

தங்கச்சி, அவர்கள் வந்து வேலை தொடங்கும் நாளைச் சொல்லுங்கள். நானும் வருகிறேன். சிமெண்ட் சரியாக இறங்குகிறதா என்று பக்கத்தில் நின்று பார்க்க அந்த வீட்டுக்கு ஓர் ஆள் வேண்டும்.